அலைப்பலகைக்கு வண்ணம் தீட்டுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இவ்வாண்டு விழாவில் இலக்கியச் சொற்பொழிவும் இன்னிசையும் சிறப்புற அமைந்துள்ளன. அவற்றின் நடுவே, கடலலையின்மேல் ஏறிச் செல்லும் பலகை ஒன்றனை வீட்டிலேயே செப்பனிட்டு வண்ணம் தீட்டுவது எங்ஙனம் என்று நாம் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். இப்பொருளைக் கேட்டு வாங்கியவர்கள் நம் குடியிருப்பின் இளைஞர்கள். இதனைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் அவர்களைப் பெற்றவர்கள். இரு சாராருக்கும் பொதுவாகவே பேச எண்ணுகிறோம்.

விசாகப்பட்டினத்தில் வாழும் நமக்குக் கடல் அயலார் சொத்தன்று. ருஷிகொண்டா கரைக்கு விடுமுறை நாளில் சென்றால், பலகையின்மேல் நின்று அலையேறும் பிள்ளைகளைக் காணலாம். செய்தித்தாள்கள் இதனை அலைச்சறுக்கு என்று எழுதுகின்றன. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றதும், அதில் ரமேஷ் புடிஹால் என்னும் நம் நாட்டு வீரர் வெண்கலம் வென்றதும் இப்பிள்ளைகளின் ஆவலை இன்னும் கிளறிவிட்டன. ஆனால் புதிய பலகையின் விலையைக் கேட்டால் ஆவல் அடங்கிவிடும். ஆகவே பழைய பலகையைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கிய மறுநாளே அதன் கறையும் கீறலும் மறையும்படி ஒரு டப்பா வண்ணத்தை வாங்கி, மொட்டைமாடியில் வைத்து அடித்துவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். அந்தத் துடிப்பைச் சிறிது நிறுத்திவைப்பதே இவ்வுரையின் வேலை. வண்ணம் அடிப்பது ஒரு நாள் பணி. அதற்கு முன்னுள்ள பணிகளுக்கு ஒரு திங்களுக்கு மேலும் ஆகலாம்.

பலகையின் பிறப்பிடம் பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகள். அங்கே அலையேறுதல் குடித்தலைவரும் எளியவரும், ஆடவரும் பெண்டிரும் பயின்ற கலையாக விளங்கிற்று. தலைவர்களுக்கு 'ஓலோ' என்னும் நெடிய பலகை. ஏனையோர்க்கு 'அலாயா' என்னும் மெல்லிய பலகை. கல்லால் ஆன வாய்ச்சியால் செதுக்குவார்கள். பவளப்பாறைத் துண்டாலும் சொரசொரப்பான கல்லாலும் தேய்ப்பார்கள். மரப்பட்டைச் சாறும் கொட்டைக் கரியும் கொண்டு கருவண்ணம் ஏற்றுவார்கள். 1823-இல் அத்தீவில் பயணம் செய்த வில்லியம் எல்லிஸ் என்னும் பாதிரியார், அம்மக்கள் பலகையைப் பேணிய முறையை எழுதிவைத்துள்ளார். கடலிலிருந்து மீண்டதும் அதனை வெயிலில் முற்றும் உலர்த்தி, தேங்காயெண்ணெய் தடவி, துணியில் சுற்றி, வீட்டினுள்ளே தொங்கவிடுவார்களாம். (எல்லிஸ் என்றதும் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த சென்னை எல்லிஸ் துரை நம் அன்பர்களின் நினைவுக்கு வருவார். அவர் வேறு, 1819-இலேயே மறைந்துவிட்டார்.)

எண்ணெய்க்கு முன்னே உலர்த்துதல் நிற்பதைக் கவனிக்க வேண்டும். சோழமண்டலக் கரையின் கட்டுமரக்காரர்களும் இந்த நுட்பத்தை அறிந்தவர்களே. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலரவிடுவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும். கனத்த மரம் ஆளைத் தாங்காது.

இருபதாம் நூற்றாண்டில் பலகையின் உடல் மாறிற்று. 1920-களின் இறுதியில் தாம் பிளேக் என்னும் அமெரிக்கர் உள்ளே வெற்றிடமுள்ள பலகையைச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்க் கண்ணாடியிழைத் துணியும் ரெசினும் வந்தன. 1958 அளவில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர், கார்டன் கிளார்க் ஆகிய இருவரும் பாலியூரித்தேன் நுரையாலான பலகைகளைப் பெருமளவில் செய்யும் வழியைக் கண்டனர். இன்று நம் பிள்ளைகள் வாங்கும் பழைய பலகைகளிற் பல அவ்வழியில் வந்தவையே. உள்ளே மெல்லிய நுரை. நடுவே முதுகெலும்புபோல் நீளவாட்டில் ஒரு மரச்சட்டம். அவற்றைச் சுற்றிலும் கண்ணாடியிழைத் துணியை ரெசினில் தோய்த்து ஒட்டிய தோல். அத்தோலின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் அளவே. சில இடங்களில் அதனினும் குறைவு. நுரையால் பலகை மிதக்கிறது. முறியாமல் காப்பது பெரும்பாலும் இத்தோலே. இது விரிந்துவிட்டால் கடல்நீர் நுரைக்குள் புகும், நுரை பழுப்பேறும், தோல் நுரையைவிட்டுக் கழன்று கொப்புளம்போல் எழும்பும். வண்ணம் இவற்றுள் எதனையும் தடுக்காது. காண ஒட்டாமல் மறைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பின் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து வாங்கிய எட்டடிப் பலகை இதற்குச் சான்று. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். கருநீலத்தில் பளபளவென்று, கல்யாண வீட்டுக் கதவுபோல் வந்து சேர்ந்தது. தூக்கிப் பார்த்தபோது வால்பக்கம் மட்டும் கனத்தது. நீலத்தைச் சுரண்டினால் அடியில் பச்சை. பச்சையைச் சுரண்டினால் வெள்ளை. வெள்ளைக்கும் அடியில், சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல் பூசி மூடிய ஒரு விரிசல், விரல் நீளத்தில். அதன் ஓரத்தை அழுத்தியபோது உப்புநீர் கசிந்தது. மூன்று வண்ணத்தையும் தாங்கிக்கொண்டு அந்தப் பலகை எத்தனை நாள் தண்ணீரைக் குடித்திருக்கும் என்று அறிய வழியில்லை. இன்னொரு முறை வண்ணம் அடித்து அலையில் இறக்கியிருந்தால், ஆள் நிற்கும் வேளையில் வாலில் முறிந்திருக்கக்கூடும். கரைக்கு அப்பால், அலையின் நடுவில், முறிந்த பலகையின் கூர்முனையோடு தனித்து நிற்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 'வண்ணந்தானே, அடித்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிட இயலாமைக்குக் காரணம் இதுவே.

செய்முறைக்கு வருவோம். முதலில் மெழுகு. கால் வழுக்காதிருக்கப் பலகையின் மேற்புறத்தில் மெழுகு தேய்த்திருப்பார்கள். சில நிமிடம் இளவெயிலில் வைத்தால் அது இளகும். பிளாஸ்டிக் அட்டையால் வழித்தெடுக்கலாம். எஞ்சியதை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் மெழுகு இடம் மாறுமேயன்றி நீங்காது. திறந்த விரிசலுக்குள் டர்பன்டைன் இறங்கலாகாது. மெழுகு முற்றும் நீங்கும் முன்னே உப்புத்தாள் போடுவதும் தவறு. தாள் கீறும் கீறலுக்குள் மெழுகு அழுந்திவிடும். பின்னர் அவ்விடத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது.

அடுத்தது, உலர்த்துதல். விரிசலைச் சுற்றித் தளர்ந்திருக்கும் தோலை வெட்டியெடுத்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, விரிசல் கீழ்நோக்கும்படி பலகையை நிழலில் காற்றோட்டமாகச் சாய்த்துவைக்க வேண்டும். ஹவாய்க்காரர் மரப்பலகையை வெயிலில் உலர்த்தினார்கள். நுரைப்பலகைக்குக் கடும் வெயில் ஆகாது. சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து தோலைத் தூக்கிவிடும். எத்தனை நாள் என்று கேட்பார்கள். நாள் கணக்கைவிடத் தராசு நம்பத்தக்கது. பழைய காகிதம் எடைக்கு எடுப்பவரிடம் உள்ள தூக்குத் தராசில், ஞாயிறுதோறும் எங்கள் பலகையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஐந்து வாரத்தில் ஏறத்தாழ 600 கிராம் குறைந்தது. அதன்பின் இரண்டு ஞாயிறு எடை மாறவில்லை. அப்போதுதான் ரெசின் டப்பாவைத் திறக்க இசைந்தோம். பிள்ளைகள் அந்த ஏழு வாரமும் எங்களைப் பகைவர்போல் பார்த்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ரெசின் வாங்குமுன் ஒன்று அறிய வேண்டும். நுரை இரு வகை. வெட்டிய இடத்தில் பார்த்தால் மாவுபோல் நுண்ணியதாய், சற்றே மஞ்சளித்திருப்பது பாலியூரித்தேன். சிறு சிறு உருண்டைகள் ஒட்டினாற்போல் வெள்ளையாய்த் தெரிவது, கொலுவுக்கும் மேடை அலங்காரத்துக்கும் நாம் வெட்டும் தெர்மாகோல் இனம். தெர்மாகோலின்மேல் பெட்ரோல் பட்டால் கரைந்து குழியாவதைப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்னும் பொருளும் அதனை அவ்வாறே தின்றுவிடும். ஆகவே தெர்மாகோல் இனப் பலகைக்கு எபாக்சி ரெசின் ஒன்றே ஆகும். பாலியூரித்தேன் பலகைக்கு இரண்டும் ஆகும். ஐயம் இருப்பின் எபாக்சியே வாங்குவது நன்று. அது இரண்டிலும் பிடிக்கும், நாற்றமும் குறைவு.

மீன்பிடித் துறைமுகப் பக்கத்தில், கண்ணாடியிழைப் படகுகளைச் செப்பனிடுவோர்க்கான பொருள்களை விற்கும் கடைகள் உண்டு. மலிவும்கூட. ஆயினும் படகுக்கு இடும் இழைப்பாய் தடித்தது, ரெசினை மிகுதியாகக் குடிப்பது. அலைப்பலகைக்கு அது யானைக்கு இடும் சங்கிலியைப் பூனைக்கு இட்டதாகும். நெய்த மெல்லிய துணியே வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

குழியை நிரப்ப, ரெசினில் நுண்கண்ணாடிக் குமிழித் தூளைக் கலந்து பசையாக்கி அடைக்க வேண்டும். வெறும் ரெசினை ஊற்றினால் அது கனக்கும். இறுகும்போது சூடேறி வெடிக்கும். அதன்மேல் குழியினும் இரண்டு விரற்கடை அகலமாக ஒரு துணி, அதனினும் அகலமாக இன்னொரு துணி. ரெசினோடு கலக்கும் ஹார்டனர் அளவில் வீட்டுச் சமையலின் கைப்பக்குவம் செல்லாது. எபாக்சிக்கு டப்பாவில் எழுதிய விகிதம் எதுவோ அதுவே. கூட்டினால் விரைவில் இறுகும் என்று எண்ணுவது பிழை. என்றும் இறுகாத கோந்தாகத் தங்கிவிடும். பாலியெஸ்டருக்குச் சேர்ப்பது நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கே. மிகுந்தால் கொதித்து விரியும். கரையோர ஈரக்காற்றில் இறுகிய எபாக்சியின்மேல் சிலவேளை எண்ணெய்ப்பிசுக்குப்போல் ஒரு படலம் தோன்றும். உப்புத்தாள் போடுமுன் அதனைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட வேண்டும். பூச்சு உரிந்துவிட்டது என்று முறையிடுவோர் பலர் இதனைச் செய்யாதவர்களே.

இப்போது பெற்றோரின் அச்சத்திற்கு வருவோம். அந்த அச்சம் நியாயமானது. அதனை நகையாட நாம் உடன்பட மாட்டோம். பாலியெஸ்டரின் ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கக்கூடியது. கண்ணாடி அணியாமல் அப்புட்டியைத் திறக்கவே கூடாது. பட்டுவிட்டால் உடனே கால்மணி நேரமேனும் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். எபாக்சி வெறுங்கையில் பலமுறை பட்டால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வந்து, அது வாழ்நாள் முழுதும் தொடரும்; ஆகவே கையுறை. கண்ணாடியிழைத் தூசு தோலில் அரிக்கும், மூச்சில் புகும். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும். ஆவியைத் தடுக்காது, ஆவிக்குக் கரிவடிப்பான் பொருத்திய முகமூடியே வேண்டும். அடைத்த அறையிலோ, குழந்தை உறங்கும் வீட்டு முற்றத்திலோ, சமையல் அடுப்பின் அருகிலோ இவ்வேலை கூடாது. மொட்டைமாடி தகும், ஆனால் தண்ணீர்த்தொட்டியின் மூடி சரியாக மூடியுள்ளதா என்று முதலில் பாருங்கள். வடாம் காயும் நாளில் உப்புத்தாளைத் தொடவேண்டாம். இதனை நாம் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. எங்கள் மாடியில் இவ்விரண்டுக்கும் தனித்தனி நாள் குறித்துச் சுவரில் எழுதியே வைத்தோம். உலர்ந்த தாளுக்கு மாறாக நீர் தொட்டுத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்தினால் தூசு எழும்புவதும் வெகுவாகக் குறையும்.

தேய்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒட்டுப்போட்ட இடத்தைச் சமன்செய்ய 80 எண் தாள், பின்னர் 120, பலகை முழுதும் வண்ணம் பிடிக்க 220, 320. பளபளப்பு மங்கி எங்கும் ஒரே வெண்புகை நிறம் வந்தால் போதும். நெய்த துணியின் பின்னல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினால் அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் தேய்ப்பது தோலை அறுப்பதாகும்.

வண்ணத்திற்கு, நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே வீட்டுக்கு ஏற்றது. நாற்றமில்லை, தூரிகையைக் குழாயடியில் கழுவலாம், எந்த நுரையையும் தின்னாது. ஒரே பூச்சாகக் கெட்டியாக அடிக்காமல், மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்தது. பலகை முழுவதையும் மூடவேண்டும் என்பதுமில்லை; ஒவ்வொரு பூச்சும் எடையே. மேற்புறம் மீண்டும் மெழுகால் மூடப்படுவதாலும் காலும் முழங்காலும் உராய்வதாலும், சித்திரத்திற்கு அடிப்புறமே தக்க இடம். துடுப்புப் பொருத்தும் பள்ளங்களையும் கயிறு கட்டும் குழியையும் நாடாவால் மூடிவிட வேண்டும். தெர்மாகோல் இனப் பலகைகள் சிலவற்றில் காற்று வெளியேறச் சிறு திருகாணி ஒன்று இருக்கும். அதன்மேல் ஒரு துளியும் படலாகாது.

நிறத்தைத் தேர்வதில் எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கே நடந்தது. பிள்ளைகள் கறுப்பு என்றார்கள். பட்டிமன்றம்போல் இரு கட்சியும் பேசித் தீர்ந்தபின், ஒரு பழைய தகரத்தில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையும் அடித்து நண்பகல் வெயிலில் வைத்து, இரண்டிலும் கைவைத்துப் பார்க்கச் சொன்னோம். கறுப்பில் வைத்த கை உடனே மீண்டது. நம் கடற்கரை வெயிலில் கறும்பலகை அவ்வாறே கொதிக்கும். மணலில் ஒரு மணி நேரம் கிடந்தால், அரும்பாடுபட்டு ஒட்டிய தோல் மறுபடி கழன்றெழும். ஆகவே எங்கும் வெள்ளை. அடிப்புறத்தில் மட்டும் மெல்லிய கோடுகளாக ஒரு புள்ளிக்கோலம். பதினைந்து புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடியும் அக்கோலத்தை வரைந்தவர் நம் சங்கத்தின் மூத்த தாயார் ஒருவர். கடலையே அஞ்சி வெறுப்பவர். பலகையை நோக்கி நாலு நாள் முணுமுணுத்துவிட்டு, ஐந்தாம் நாள் பிள்ளைகள் போட்ட புள்ளி கோணலாக இருப்பது பொறாமல், தூரிகையை வாங்கித் தாமே வரைந்துவிட்டார். வளைந்த பரப்பில் புள்ளி வரிசை ஓரத்தை நெருங்க நெருங்க நெருக்கமாகத் தோன்றும். அதனைக் கணக்கிட்டு ஓரப் புள்ளிகளைச் சற்றே அகற்றிவைத்தார். அந்தக் கணக்கை எங்களுள் எவரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

வண்ணத்தின்மேல் கண்ணாடிபோன்ற மேற்பூச்சு ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லையேல் மணலும் உப்பும் ஒரு பருவத்திலேயே கோலத்தைத் தேய்த்துவிடும். நீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிய பூச்சாக மூன்று முறை அடித்தால் போதுமானது. கார்ப் பட்டறைகளில் பீச்சும் இரு பாகப் பூச்சு இதனினும் உறுதியானதே. ஆயினும் அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் நச்சு, பீச்சும்போது பனிபோல் பரவி நுரையீரலைத் தாக்கும், ஆஸ்துமாவை உண்டாக்கும். பட்டறைக்காரர் முழுமுகக் கவசத்தோடு செய்யவேண்டிய வேலையை நம் மாடியில் லுங்கியைக் கட்டிக்கொண்டு செய்யலாகாது. இந்த ஒன்றில் மட்டும் பிள்ளைகளின் சொல்லுக்கு எவரும் இணங்கவேண்டாம்.

தொட்டால் ஒட்டாத நிலைக்கும் உள்ளும் புறமும் இறுகிய நிலைக்கும் வேறுபாடு உண்டு. முன்னது சில மணி நேரத்தில் வரும். பின்னதற்கு ஒரு வாரமேனும் விடவேண்டும். அதற்குமுன் மெழுகு தேய்த்தாலோ உறையில் இட்டாலோ பூச்சில் தடம் விழும்.

மேற்சொன்ன பலகையை விழாவுக்கு வந்தோர் காணவேண்டுமென்று பிள்ளைகள் தூக்கிவந்து மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் சாய்த்துவைத்திருக்கிறார்கள். சிற்றுண்டிக்குச் செல்லும்போது பார்க்கலாம். கடைசிப் பூச்சு அடித்து இன்று மூன்றாம் நாள். ஆகையால் எவரும், குறிப்பாகக் கையில் கேசரியோடு செல்பவர்கள், அதனைத் தொட்டுப் பார்க்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தராசும் அங்கேயே தொங்குகிறது. தம் வீட்டுப் பழைய பலகையைக் கொண்டுவந்திருப்போர் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.